சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யாவில் இந்திய வணிகம்

சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யாவில் இந்திய வணிகம் என்பது 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னர், இந்திய ஏற்றுமதியாளர்களும் நிறுவனங்களும் ரஷ்யக் கூட்டமைப்பில் மேற்கொண்டு வரும் வணிகத்தைக் குறிக்கும். அதற்கு முன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் இடையே ரூபாய் வணிகம் என்ற தனி முறை நிலவியது. அம்முறையில் சோவியத் அரசே ஒரே கொள்வோராக இருந்தது. அரசு மறைந்ததும் கொள்வோரும் மறைந்தார். நீலகிரியின் தேயிலை, பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தோல் போன்ற பொருட்களை விற்றவர்கள் புதிய கொள்வோரையும் பணம் பெறும் வழியையும் தாமே தேட வேண்டியதாயிற்று. பொதுவுடைமைப் பொருளாதாரத்திலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய ஒரு நாட்டில் அயல்நாட்டு வணிகர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களுக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி: ரூபாய் வணிகம்

இந்தியாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையிலான முதல் வணிக உடன்படிக்கை 1953 டிசம்பர் 2 அன்று கையெழுத்தானது. 1958 இல் கையெழுத்தான இரண்டாவது உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1959 முதல் கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தும் வேறு நாணயமாக மாற்றவியலாத இந்திய ரூபாயிலேயே நடைபெற்றன. அமெரிக்க டாலரோ பிரித்தானிய பவுண்டோ இதில் இடம்பெறவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அவதிப்பட்ட அன்றைய இந்தியாவுக்கு இது பெரும் உதவியாக இருந்தது.

இயங்கிய முறை

ஒவ்வோர் ஆண்டும் இரு அரசுகளும் கூடி ஆண்டு வணிகத் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டன. எந்தப் பொருள், எவ்வளவு என்பது அதில் குறிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் அயல்நாட்டு வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்ததால், ஒவ்வொரு பொருள் வகைக்கும் ஓர் அரசு வணிக நிறுவனம் இருந்தது. தேயிலை போன்ற வேளாண் பொருட்களைச் சோயுஸ்பிளோதோஇம்போர்ட் என்ற நிறுவனமும், மருந்துகளை மெத்எக்ஸ்போர்ட் என்ற நிறுவனமும் வாங்கின. இந்தியத் தரப்பில் 1956 இல் தொடங்கப்பட்ட அரசு வணிகக் கழகம் காலணி உள்ளிட்ட பொருட்களின் ஏற்றுமதியை ஒருங்கிணைத்தது. தனியார் ஏற்றுமதியாளர்களும் பங்கேற்றனர்.

பணம் கைமாறிய விதம் எளிமையானது. இந்திய ஏற்றுமதியாளர் சரக்கைக் கப்பலில் ஏற்றி ஆவணங்களை வங்கியில் கொடுத்தால் அவருக்கு ரூபாய் கிடைத்தது. அத்தொகை இந்திய ரிசர்வ் வங்கியில் சோவியத் தரப்புக்கென இருந்த கணக்கில் பற்று வைக்கப்பட்டது. இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய், உரம், செய்தித்தாள் காகிதம், இயந்திரங்கள், படைக்கலன்கள் ஆகியவற்றுக்கான தொகை அதே கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆண்டு முடிவில் வரவும் பற்றும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இடைவெளி ஏற்பட்டால் ஒரு தரப்பு மறு தரப்புக்குக் குறுகியகாலக் கடன் வழங்கியது.

நன்மைகளும் குறைகளும்

இம்முறையில் ஏற்றுமதியாளருக்கு நாணய மாற்று இடர்ப்பாடு இல்லை. பணம் வராமற் போகும் அச்சமும் இல்லை. ஆணைகள் பெரிய அளவில் வந்தன. 1980களில் சோவியத் ஒன்றியம் இந்தியாவின் முதன்மையான ஏற்றுமதிச் சந்தைகளுள் ஒன்றாக விளங்கியது. 1990-91 இல் இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 16 விழுக்காடு அங்குச் சென்றது.

ஆனால் விற்றவருக்குத் தம் பொருளை இறுதியாகப் பயன்படுத்துவோர் யார் என்பது தெரியவில்லை. பொருளின் பெயர், உறை, விளம்பரம் ஆகியவற்றுக்கு அங்கு இடமில்லை. உயர்ந்த தரத்துக்குக் கூடுதல் விலை என்பதை விட, குறித்த அளவைக் குறித்த நாளில் தருவதே முதன்மையாகக் கருதப்பட்டது. மாஸ்கோவில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தமே சந்தையாக இருந்தமையால், சந்தையை அறியும் பழக்கம் பலருக்கு ஏற்படவில்லை. ரூபாய்க் கணக்கில் வாங்கப்பட்ட பொருட்களுள் சில மூன்றாம் நாடுகளுக்கு டாலரில் மறுவிற்பனை செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டும் இம்முறையின் மீது உண்டு.

தமிழ்நாட்டின் பங்கு

சோவியத் உதவியுடன் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும், சென்னை நந்தம்பாக்கத்தின் அறுவை மருத்துவக் கருவித் தொழிற்சாலையும் நிறுவப்பட்டன. தமிழகத்திலிருந்து சென்ற பொருட்களுள் தேயிலையும் தோல் பொருட்களும் குறிப்பிடத்தக்கவை.

நீலகிரித் தேயிலை

நீலகிரி மாவட்டத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் உள்ளனர். படுகர்கள் இவர்களுள் பெரும்பான்மையினர். இவர்கள் பறிக்கும் பசுந்தேயிலை, கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலும் தனியார் தொழிற்சாலைகளிலும் சி.டி.சி. வகைத் தூளாக்கப்பட்டுக் குன்னூர், கோவை, கொச்சி ஏல மையங்களில் விற்கப்படுகிறது. சோவியத் ஒன்றியம் இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய அயல்நாட்டுக் கொள்முதலாளராக இருந்த காலத்தில், தென்னிந்தியத் தேயிலைக்கு அது உறுதியான சந்தையாக இருந்தது. நடுத்தரத் தூளும் பெருமளவில் விலை போனதால், கொழுந்தைத் தேர்ந்து பறிப்பதை விட எடையைக் கூட்டுவதே விவசாயிக்கு ஆதாயமாக இருந்தது.

தோலும் ஜவ்வாது மலையும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய பாலாற்றுப் பள்ளத்தாக்கு ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இப்பள்ளத்தாக்கின் தெற்கே ஜவ்வாது மலை அமைந்துள்ளது. மலையின் முதன்மை ஊரான ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் காட்டுப் பொருட்களுள் கடுக்காய் முக்கியமானது. கடுக்காயும் ஆவாரம் பட்டையும் தாவர முறையில் தோல் பதனிடுவதற்குத் தேவையான துவர்ப்புப் பொருளைத் தருபவை. இவ்வாறு மலையின் காட்டுப் பொருளும் சமவெளியின் தொழிலும் நெடுங்காலமாகத் தொடர்புடையன. பின்னாளில் குரோமிய முறை பரவியதால் இத்தொடர்பு குறைந்தது.

1970களில் பதனிடாத, அரைகுறையாகப் பதனிட்ட தோல்களின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் முழுமையாகப் பதனிட்ட தோல், அப்பர் எனப்படும் காலணி மேற்பகுதி, முழுக் காலணி ஆகியவற்றின் ஏற்றுமதி வளர்ந்தது. இவற்றை வாங்கிய நாடுகளுள் சோவியத் ஒன்றியம் ஒன்றாகும். இந்திய அளவில் இச்சந்தையை மிகுதியும் சார்ந்திருந்த ஊர் உத்தரப் பிரதேசத்தின் ஆக்ரா ஆகும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிலகங்கள் மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் விற்று வந்தன.

காவலூர்த் தொலைநோக்கி

பொதுவுடைமை நாடுகளுடனான வணிகத்தின் மற்றொரு தடயமும் ஜவ்வாது மலையில் உள்ளது. ஜமுனாமரத்தூருக்கும் ஆலங்காயத்துக்கும் இடையிலுள்ள காவலூரில், வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி 1972 இல் நிறுவப்பட்டது. இது அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் அரசு நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. 1977 இல் யுரேனசு கோளின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வின்போது காவலூரிலிருந்தும் பதிவுகள் எடுக்கப்பட்டன. 1990 இல் ஜெர்மனிகள் இணைந்த பின் அந்த அரசு நிறுவனம் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி யேனோப்டிக் என்ற நிறுவனமாயிற்று. ஒளியியல் பகுதி மேற்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்துடன் இணைந்தது. கருவியை விற்ற நிறுவனம் கலைந்த பின்னரும் கருவி நிலைத்தது.

நூல்கள்

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், மீர் பதிப்பகம் ஆகியவை தமிழிலும் நூல்களை வெளியிட்டன. 1951 இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இவற்றைத் தமிழ்நாட்டில் விற்பனை செய்தது. ரஷ்யப் புதினங்களும் சிறுவர் நூல்களும் அறிவியல் நூல்களும் மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. அந்த விலை சந்தை வகுத்த விலை அன்று, அரசு வகுத்த விலை. சோவியத் ஒன்றியத்தின் முடிவோடு இந்நூல்களின் வரவும் நின்றது.

1991: முறிவு

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பர் 26 அன்று முறைப்படி முடிவுக்கு வந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் இந்தியாவும் கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. ஆகவே இரு தரப்புமே பழைய முறையைத் தொடரும் நிலையில் இல்லை. ஒரு நாட்டின் இடத்தில் பதினைந்து நாடுகள் தோன்றின. ஒரே கொள்முதல் நிறுவனத்தின் இடத்தில் எண்ணற்ற சிறு இறக்குமதியாளர்கள் தோன்றினர். 1992-93 இல் இந்திய ஏற்றுமதியில் ரஷ்யாவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடாகச் சரிந்தது.

ரஷ்யாவில் 1992 சனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அவ்வாண்டில் விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மக்களின் சேமிப்பு கரைந்தது. இந்தியப் பொருளை விரும்பியவருக்கும் அதை வாங்கும் பணம் இல்லாமற் போயிற்று.

தமிழ்நாட்டில் தொடங்கவிருந்த பெரிய ஒப்பந்தம் ஒன்றும் இதனால் தேங்கியது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான உடன்படிக்கையில் ராசீவ் காந்தியும் மிகையீல் கொர்பச்சோவும் 1988 நவம்பர் 20 அன்று கையெழுத்திட்டிருந்தனர். சோவியத் ஒன்றியம் கலைந்ததால் பணி தொடங்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1998 சூனில் ரஷ்யாவுடன் துணை உடன்படிக்கை கையெழுத்தானது. 2002 இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் அணு உலை 2013 சூலையில் இயங்கத் தொடங்கியது.

கடன் ரூபாய்

சோவியத் ஒன்றியத்துக்கு இந்தியா திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் ஏறத்தாழ 1000 கோடி ரூபிள் ஆகும். இதில் பெரும்பகுதி படைக்கல இறக்குமதியால் ஏற்பட்டது. ரூபிளின் சந்தை மதிப்பு வீழ்ந்திருந்த நிலையில், எந்த மாற்று வீதத்தில் இதைச் செலுத்துவது என்பது பெரும் வழக்காயிற்று. 1993 சனவரியில் போரிசு யெல்ட்சின் புது தில்லிக்கு வந்தபோது இதற்கு உடன்பாடு எட்டப்பட்டது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- கடனில் 63 விழுக்காட்டை, ஒரு ரூபிளுக்கு ஏறத்தாழ 19.92 ரூபாய் என்ற 1990 சனவரி வீதத்தில், 2.4 விழுக்காடு வட்டியுடன் 12 ஆண்டுகளில் செலுத்துவது.
- எஞ்சிய 37 விழுக்காட்டை வட்டியின்றி 45 ஆண்டுகளில் செலுத்துவது.
- இத்தொகையை ரூபாயில் செலுத்துவது. ரஷ்யா அதைக் கொண்டு இந்தியப் பொருட்களை வாங்குவது.

இவ்வாறு ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள ரூபாய் ரஷ்யாவின் கணக்கில் சேர்ந்தது. இதுவே கடன் ரூபாய் எனப்பட்டது. ரஷ்ய அரசு தானே பொருள் வாங்குவதை விடுத்து, அயல்நாட்டுப் பொருளாதார வங்கியின் வழியாக இத்தொகையை ஏலத்தில் விற்றது. ஏலம் எடுத்தவர் மாஸ்கோவில் முகமதிப்பை விடக் குறைந்த தொகையைச் செலுத்தி, இந்தியாவில் முழு ரூபாயைப் பெற்றுத் தேயிலை, காபி, புகையிலை, மருந்து, துணி முதலியவற்றை வாங்கினார்.

இந்தத் தள்ளுபடியின் விளைவு கவனிக்கத்தக்கது. டாலர் கொடுத்து வாங்குவதை விடக் கடன் ரூபாயில் வாங்குவது மலிவாக இருந்ததால், இந்தியப் பொருட்களுக்குச் செயற்கையான ஒரு தேவை நீடித்தது. சந்தை மீண்டுவிட்டது என்று ஏற்றுமதியாளர் பலர் கருதினர். உண்மையில் மீண்டது சந்தையன்று; பழைய கடனே சரக்காக மாறிச் சென்றுகொண்டிருந்தது. கடன் குறையக் குறைய இத்தேவையும் குறைந்தது. மாற்று வீதத்தை ரஷ்யாவுக்குச் சாதகமாக ஒப்புக்கொண்டதாக இந்தியாவில் இவ்வுடன்பாடு விமர்சிக்கப்பட்டது. படைக்கலன்களுக்கான உதிரிப் பாகங்கள் தடையின்றிக் கிடைக்க இது தேவைப்பட்டது என்பது மறுதரப்பின் வாதமாகும்.

1990களில் வணிகம் செய்த முறை

கொள்வோரைக் கண்டறிதல்

பழைய அரசு நிறுவனங்கள் சுருங்கியபோது, அவற்றில் பணியாற்றிய அலுவலர்கள் பலர் தனியே இறக்குமதி நிறுவனங்களைத் தொடங்கினர். செல்னொக்கி எனப்பட்ட சிறு வணிகர்கள் துருக்கி, சீனா, போலந்து, இந்தியா முதலிய நாடுகளுக்கு வானூர்தியில் சென்று, பைகளில் சரக்கைக் கொண்டுவந்து திறந்தவெளிச் சந்தைகளில் விற்றனர். ரஷ்ய மொழியில் இச்சொல் தறியின் நாடாவைக் குறிக்கும். நாடா போல இங்குமங்கும் சென்று வந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஊதியம் வராத நிலையில் இத்தொழிலில் இறங்கினர். மாஸ்கோவின் செர்க்கீசொவ்ஸ்கி சந்தை இவ்வகைச் சந்தைகளுள் பெரியது. அது 2009 இல் மூடப்பட்டது.

பணம் பெறுதல்

எல்.சி. எனப்படும் வங்கிக் கடனுறுதிக் கடிதத்தை நம்பியே அயல்நாட்டு வணிகம் நடைபெறுகிறது. புதிதாகத் தோன்றிய ரஷ்ய வங்கிகளின் கடிதத்தை ஏற்க அயல்நாட்டு வங்கிகள் தயங்கின. ஆகவே முன்பணம் பெறுதல், மூன்றாம் நாட்டு வங்கி வழியாகப் பெறுதல், பண்டமாற்று ஆகிய வழிகள் கையாளப்பட்டன. முன்பணம் கேட்டால் கொள்வோர் அகன்றனர். கடனில் கொடுத்தால் பணம் வருமா என்ற ஐயம் இருந்தது. ரஷ்யாவின் உள்நாட்டுத் தொழில்களுக்கு இடையிலேயே 1990களில் பண்டமாற்று பெருமளவில் நிலவியது.

சட்டமும் பாதுகாப்பும்

வரிச் சட்டங்களும் சுங்க விதிகளும் அடிக்கடி மாறின. மைய அரசின் ஆணையும் மாகாண அரசின் ஆணையும் முரண்பட்டன. ஒவ்வோர் ஆவணத்திலும் வட்ட முத்திரை இருக்க வேண்டும் என்ற நடைமுறை சோவியத் காலத்திலிருந்து தொடர்ந்தது. நிறுவனங்களுக்கு வட்ட முத்திரை கட்டாயமன்று என்ற சட்டம் 2015 இல்தான் வந்தது. சரக்குகளுக்கு கோஸ்ட் எனப்படும் ரஷ்யத் தரச் சான்றிதழும், மருந்துகளுக்குத் தனிப் பதிவும் தேவைப்பட்டன.

நீதிமன்றத்தின் வழியாகக் கடனை மீட்பது கடினமாக இருந்ததால், கும்பல்கள் பாதுகாப்பு வழங்குவதாகக் கூறிப் பணம் பறித்தன. இதற்குக் கிரீஷா என்று பெயர். ரஷ்ய மொழியில் இதன் பொருள் கூரை என்பதாகும். சிறு கடைக்காரர் முதல் பெருநிறுவனம் வரை பலரும் ஏதேனும் ஒரு கூரையின் கீழ் இருக்க நேர்ந்தது. 2000க்குப் பின் இந்நிலை பெருமளவு மாறியது. எனினும் அரசு அலுவலர்களின் செல்வாக்கு அதிகரித்தது.

1998 நெருக்கடி

1998 ஆகஸ்டு 17 அன்று ரஷ்ய அரசு தனது உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் வழங்குவதை நிறுத்தியதோடு, ரூபிளின் மதிப்பையும் குறைத்தது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6 ரூபிள் என்றிருந்த மாற்று வீதம் ஆண்டு முடிவில் 20 ரூபிளைத் தாண்டியது. கடனில் சரக்கு கொடுத்திருந்த இந்திய நிறுவனங்கள் பணத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ரூபிளில் விற்றவர்களுக்கு டாலர்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிடைத்தது. பல அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. இறக்குமதிப் பொருட்களின் விலை உயர்ந்ததால் மலிவான பொருட்களுக்கு இடம் ஏற்பட்டது. வெளியேறாமல் இருந்தவர்களுக்கு இது பின்னாளில் நன்மை பயத்தது.

நிலைத்த நிறுவனங்கள்

மருந்துத் துறை: டாக்டர் ரெட்டீஸ், ரான்பாக்சி முதலிய நிறுவனங்கள் அரசுக் கொள்முதலை மட்டும் நம்பாமல், தம் சொந்தப் பெயர்களில் மருந்துகளைப் பதிவு செய்து, மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் நேரில் அணுகும் பணியாளர்களை அமர்த்தின. ஓமெஸ், நைஸ், கெட்டோரால் ஆகிய டாக்டர் ரெட்டீஸ் மருந்துகள் ரஷ்ய மக்களிடையே நன்கு அறிமுகமானவை.

மதுவடிப்புத் துறை: கேம்கா குடும்பத்தின் சன் குழுமம் 1958 முதல் சோவியத் ஒன்றியத்துடன் வணிகம் செய்து வந்தது. தனியார்மயம் தொடங்கியதும் ரஷ்யாவின் பல ஊர்களில் பீர் ஆலைகளை வாங்கியது. 1999 இல் பெல்சியத்தின் இன்டர்புரூ நிறுவனத்துடன் சேர்ந்து சன் இன்டர்புரூ உருவானது. 2004 இல் சன் குழுமம் தன் பங்கை இன்டர்புரூவுக்கு விற்றது.

வங்கித் துறை: பாரத ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் 60:40 என்ற பங்கில் மாஸ்கோவில் கமர்சியல் இந்தோ வங்கியை 2003 இல் தொடங்கின. 2022 இல் கனரா வங்கி தன் பங்கைப் பாரத ஸ்டேட் வங்கிக்கே விற்றது.

எண்ணெய்த் துறை: ஓ.என்.ஜி.சி. விதேஷ் நிறுவனம் 2001 இல் சக்கலின்-1 எண்ணெய் வயலில் 20 விழுக்காடு பங்கைப் பெற்றது. 2009 இல் தோம்ஸ்க் பகுதியில் இயங்கிய இம்பீரியல் எனர்ஜி நிறுவனத்தை ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு வாங்கியது.

கடன் ரூபாயும் இறுதியில் முதலீடாக மாறியது. இந்தியாவில் எம்.டி.எஸ். என்ற பெயரில் இயங்கிய செல்பேசி நிறுவனத்தின் 17.14 விழுக்காடு பங்கை ரஷ்ய அரசு இத்தொகையைக் கொண்டு வாங்கியது. 2012 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தபோது, இந்நிறுவனத்தின் 22 உரிமங்களுள் 21 ரத்தாயின.

தமிழகத்தில் ஏற்பட்ட விளைவுகள்

நீலகிரியில் 1990களின் இறுதியிலிருந்து பசுந்தேயிலை விலை கடுமையாக வீழ்ந்தது. ரஷ்யக் கொள்முதல் குறைந்தமை இதற்கு ஒரு காரணமாகும். கென்யா, இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளின் போட்டி, உள்நாட்டில் உற்பத்தி மிகுந்தமை, தூளின் தரம் ஆகியவையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நடுத்தரத் தூளை வாங்கிய சந்தை போன பின்னர், அதே தூளை வேறு நாடுகளில் விற்க இயலவில்லை. விவசாயிகள் போராட்டங்களில் ஈடுபட்டனர். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறிக்க வேண்டும் என்ற அறிவுரை வலியுறுத்தப்பட்டது. ஆனால் அதற்கேற்ற கூலியும் விலையும் கிடைக்காத நிலையில் அதைப் பின்பற்றுவது சிறு விவசாயிக்கு எளிதாக இல்லை.

இக்காலத்தில் ரஷ்யச் சந்தையில் இலங்கைத் தேயிலை முன்னேறியது. இலங்கை நிறுவனங்கள் தேயிலையைப் பொட்டலமாக்கி, சிலோன் தேயிலை என்ற பெயரோடு விற்றன. 2000களில் ரஷ்யா இலங்கைத் தேயிலையின் முதன்மையான கொள்முதலாளர்களுள் ஒன்றாயிற்று. இச்சார்பும் இடர்ப்பாடற்றதன்று. 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் பூச்சி காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. சில நாட்களில் தடை நீக்கப்பட்டது.

பாலாற்றுப் பகுதித் தோல் தொழிலுக்கு ஏற்கெனவே மேற்கு ஐரோப்பியத் தொடர்புகள் இருந்ததால், அது ஆக்ராவை விட எளிதாகத் திசை மாறியது. ஜெர்மனி, பிரித்தானியா, இத்தாலி ஆகிய நாட்டு நிறுவனங்களுக்குக் காலணி செய்து தருவது முதன்மைத் தொழிலாயிற்று. அதே சமயம், தோல் கழிவுநீரால் பாலாறு மாசடைந்தமை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. புதிய சந்தையைத் தேடுவதும் சுத்திகரிப்புக்கான செலவும் ஒரே காலத்தில் நேர்ந்தன.

2022க்குப் பிந்தைய நிலை

ரஷ்யா 2012 ஆகஸ்டு 22 அன்று உலக வணிக அமைப்பில் இணைந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்த பின்னர், மேற்கு நாடுகள் ரஷ்யா மீது கடும் பொருளாதாரத் தடைகளை விதித்தன. ரஷ்யாவின் பல வங்கிகள் பன்னாட்டுப் பணப் பரிமாற்றச் செய்தி அமைப்பான சுவிஃப்டிலிருந்து நீக்கப்பட்டன. 1990களில் கைவிடப்பட்ட ரூபாய் வணிகம் மீண்டும் பேசுபொருளாயிற்று.

இந்திய ரிசர்வ் வங்கி 2022 சூலை 11 அன்று வெளியிட்ட அறிவிக்கை, அயல்நாட்டு வங்கிகள் இந்திய வங்கிகளில் சிறப்பு ரூபாய்க் கணக்குகளைத் தொடங்க வழி செய்தது. ஆனால் இம்முறை வரவும் பற்றும் சமமாக இல்லை. இந்தியா ரஷ்யக் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கியதால், 2021-22 இல் ஏறத்தாழ 1300 கோடி டாலராக இருந்த இருதரப்பு வணிகம் 2024-25 இல் ஏறத்தாழ 6870 கோடி டாலராக உயர்ந்தது. இதில் இந்திய ஏற்றுமதி ஏறத்தாழ 490 கோடி டாலர் மட்டுமே. இந்திய வங்கிகளில் பெருந்தொகை ரூபாய் தேங்கியிருப்பதாக ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் குறிப்பிட்டார். மறுபுறம், ரஷ்ய எண்ணெய் வயல்களில் முதலீடு செய்த இந்திய அரசு நிறுவனங்களின் ஈவுத்தொகை ரஷ்யாவிலுள்ள வங்கிக் கணக்குகளில் தேங்கியது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னைத் துறைமுகத்தையும் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள விளாடிவொஸ்தோக் துறைமுகத்தையும் இணைக்கும் கடல்வழி குறித்து 2019 செப்டம்பரில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. இதன் தொலைவு ஏறத்தாழ 5600 கடல் மைல் ஆகும். மும்பையிலிருந்து சூயசு கால்வாய் வழியாகச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்லும் வழி 8600 கடல் மைலுக்கும் மேற்பட்டது. யுரேசியப் பொருளாதார ஒன்றியத்துடன் தடையற்ற வணிக உடன்பாட்டுக்கான பேச்சு வரம்புகளில் 2025 ஆகஸ்டில் இந்தியா கையெழுத்திட்டது.

மதிப்பீடு

ரூபாய் வணிகத்தை இரு வகையாக மதிப்பிடுவதுண்டு. அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் எண்ணெயையும் இயந்திரங்களையும் படைக்கலன்களையும் பெற அது உதவியது. தேயிலை, தோல், முந்திரி போன்ற உழைப்பு மிகுந்த தொழில்களுக்கு வேலைவாய்ப்பைத் தந்தது என்பது ஒரு கருத்து. கொள்வோர் ஒருவரே என்ற நிலை, விற்போரைச் சந்தையின் தேவைகளை அறியாதவர்களாக்கியது என்பது மற்றொரு கருத்து.

1991க்குப் பிந்தைய பட்டறிவு இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. சொந்தப் பெயர், சொந்தக் கிடங்கு, மொழியறிந்த பணியாளர் ஆகியவற்றோடு ரஷ்யாவில் தங்கிய மருந்து நிறுவனங்கள் 1998 நெருக்கடிக்குப் பின்னரும் நிலைத்தன. பெயரில்லாத தூளாக மூட்டையில் சென்ற தேயிலை தன் இடத்தை இழந்தது. எனினும் ஒரு நிறுவனத்துக்குக் கூடிய இத்தகைய முயற்சி, ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் கொழுந்து பறிக்கும் விவசாயிக்குத் தனியே கூடுவதன்று. முறிவின் சுமை, சந்தையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்கள் மீது மிகுதியாக விழுந்தது.

இவற்றையும் பார்க்கவும்

- இந்திய - ரஷ்ய உறவுகள்
- சோவியத் ஒன்றியத்தின் கலைப்பு
- நீலகிரித் தேயிலை
- கூடங்குளம் அணுமின் நிலையம்
- ஜவ்வாது மலை
- வைணு பாப்பு வான் ஆய்வகம்
- பண்டமாற்று